கெட்டிமேளத்தில் நின்றுபோன ஆவுடையப்பன்

சித்தரங்குறிச்சி தாமரை மகாலில், ஆவணி மாதத்து வளர்பிறை முகூர்த்தத்தில், கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று ஐயர் விரலை ஆட்டிக் கத்த, நாதஸ்வரக்காரர் கன்னம் புடைக்க ஊத, தவில்காரர் போட்டுப் பிளக்க, முதல் பந்திக்கு இடம் பிடிக்கப் போனவர்கள்கூடத் திரும்பி ஓடிவந்து அட்சதையை வீச, வடிவுக்கரசியின் கழுத்தைச் சுற்றித் தாலிக்கயிற்றைக் கொண்டுபோன மாப்பிள்ளை ஆவுடையப்பன், முதல் முடிச்சைப் பாதி போட்ட நிலையில் அப்படியே நின்றுபோனான்.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கீழே நின்ற வீடியோக்காரர் "அப்படியே இருங்க சார், அப்படியே, சூப்பர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாரும் அப்படியே இருந்தார். மூன்று முடிச்சும் விழுந்தால்தான் மேளத்தை நிறுத்தலாம் என்பதால் மேளம் போய்க்கொண்டே இருந்தது, ஊதி ஊதி நாதஸ்வரக்காரருக்கு முழி பிதுங்கியது. மாப்பிள்ளையின் அக்கா செண்பகம் கையில் விளக்கோடு தம்பிக்குப் பின்னால் நின்றாள். முதல் முடிச்சு மாப்பிள்ளை போட வேண்டும், மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டும், அதுதான் அவர்கள் வழக்கம். தன் முறை இந்தா வருது, இந்தா வருது என்று காத்திருந்தவள், வராமல் போகவே அவன் முழங்கையில் ஒரு இடி இடித்து, "ஏலே, என்னல தூங்குத, போடுல முடிச்ச" என்றாள். அவள் கைதான் வலித்தது. அதைவிட, அவள் சொன்னது அவள் காதிலேயே விழவில்லை.

வடிவு பார்த்தது வேறொன்றை. அவனுடைய இரண்டு கைகளுக்கும் நடுவில், கழுத்தில் பாதித் தாலியோடு அவள் உட்கார்ந்திருக்க, ஒரு சாண் தூரத்தில் அவன் முகம் இருந்தது. கண் திறந்திருந்தது, உதடு ஏதோ சொல்லப் பிரிந்தபடி இருந்தது, மூக்கு நுனியில் விழப்போகிற வியர்வைத் துளி ஒன்று விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. விழும் என்று பார்த்தாள். விழவில்லை. "ஐயோ, அம்மா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். ஒரு சத்தமும் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. மேடையில் ஏறினவர்கள் எல்லாரும் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள், ஒருத்தர் சத்தமும் வெளியே வரவில்லை. மேடையை விட்டு ஒரு படி இறங்கினால் சந்தைக்கடை இரைச்சல். சத்தம் வராததுகூடப் பரவாயில்லை என்று தோன்றும்படி இன்னொன்று நடந்தது. மயங்கி விழப்போன ஐயர் "தண்ணி" என்று வாயசைத்தார். அடுத்த கணம், பின்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஆள், யாரும் கூப்பிடாமல், தான் ஏன் எழுந்தோம் என்றும் தெரியாமல், செம்பு நிறையத் தண்ணீரோடு வந்து நின்றான். செண்பகத்தின் மாமனார் மேடையில் நின்று, "இந்த மேளம் எங்கயாச்சும் தொலையட்டும்" என்று எரிச்சலில் முணுமுணுத்தார். தவில்காரர் கையிலிருந்த குச்சி அந்த நிமிஷமே காணாமல் போனது, இன்றுவரைக்கும் கிடைக்கவில்லை. மேடையில் சொல்வது கேட்காது, ஆனால் சொன்னது நடந்துவிடும். நடக்காத ஒன்றே ஒன்று, "ஆவுடை, அசைடா" என்பது. அதை அத்தனை சொந்தக்காரர்களும் வாயசைத்துப் பார்த்தார்கள், வடிவின் அம்மா பகவதி அவன் காலைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள், அவன் அசையவில்லை.

இந்த இடத்திலேயே வடிவுக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கத்தான் செய்தது, ஆனால் இப்படியெல்லாம் நடக்குமா, நமக்குத்தான் மண்டை குழம்பிவிட்டதா என்று பயந்து அதை உள்ளேயே அமுக்கிவிட்டாள்.

அவளும் ஆவுடையும் சென்னையில் ஒரே கம்பெனி. அவன் புரோகிராம் எழுதுவான். அவள் அதை உடைத்துப் பார்ப்பாள், அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். சரக்கு லாரிகள் எந்தெந்த ஊரில் நிற்கின்றன என்று காட்டும் புரோகிராம் ஒன்றை ஆவுடை எழுதியிருந்தான். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, அவ்வளவுதான். அதற்குத் தன் பெயரையே வைத்திருந்தான், ஆவுடை என்று. தன் மேல் அவ்வளவு பிரியம். கறுப்புத் திரையில் ஓடுகிற புரோகிராமை, விசைப்பலகையில் கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினால் பாதியில் நிறுத்திவைக்கலாம். சாகாது, உறைந்து நிற்கும். பிறகு எஃப், ஜி என்று இரண்டு எழுத்து அடித்தால் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடும். ஒழுங்காக எழுதின புரோகிராம் என்றால், நிற்பதற்கு முன் திரையை வாங்கினபடியே திருப்பிக் கொடுத்துவிட்டு நிற்கும். எழுந்ததும், ஊர் உலகம் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்து, திரையைப் புதிதாக வரைந்துகொண்டு, அப்புறம்தான் வேலையைத் தொடங்கும்.

ஆவுடையின் ஆவுடைக்கு இரண்டுமே தெரியாது. நிறுத்தினால் திரையைக் கெடுத்துவிட்டு நிற்கும். அதன் பிறகு நாம் அடிக்கிற எழுத்து ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அடித்தது நடந்துவிடும். மறுபடி ஓடவிட்டால் பழைய படத்தையே காட்டும். சேலத்துக்குப் போய்ச் சேர்ந்து சரக்கை இறக்கிவிட்ட லாரியை, இன்னும் மதுரையில் நிற்கிறது என்று சாதிக்கும். வடிவு இரண்டையும் பிழை என்று எழுதிப் போட்டாள். ஆபீஸில் அதற்கு பக் என்று பெயர். "யாரு தாயி ஓடுறத நடுவுல நிறுத்தப் போறா?" என்று சிரித்து அவன் இரண்டு பக்கையும் மூடினான். அவள் திறந்தாள். அவன் மூடினான். அவள் மறுபடி திறந்தாள். இந்த மூடித் திறக்கிற சண்டையில்தான், எந்த நேரத்தில் என்று இருவருக்குமே தெரியாமல், காதல் வந்து தொலைத்தது. கடைசியில் அவள் தொல்லை தாங்காமல் ஒரு விசை மட்டும் வைத்துக் கொடுத்தான். "இந்தா, உனக்குன்னே வச்சது. ஆர்ங்கிற எழுத்த அழுத்து, புதுசாப் பார்க்கும். தானாப் பார்க்கணும்னு மட்டும் கேக்காத."

அவனும் அப்படித்தான். ஒருநாள் கல்யாணப் பத்திரிகைக்கு என்ன நிறம் என்று இருவரும் வாதாடிக்கொண்டிருந்தபோது, "ஒரு நிமிஷம்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அந்த நேரத்தில்தான் அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ஊரிலிருந்து தகவல் வந்தது. முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தவளிடம் திரும்பி வந்தவன், "அப்போ மஞ்சள்தான், சரியா?" என்றான். அவள் சொன்ன பிறகு துடித்துப்போனான். சாப்பிடாமல் கொள்ளாமல் காரை ஓட்டி ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தான், அப்பா போன பிறகு ஒரு மகன் செய்கிற காரியத்தையெல்லாம் ஓடி ஓடிச் செய்தான். கெட்டவன் இல்லை, ஒருநாளும் இல்லை. சொன்னால் உயிரைக் கொடுப்பான். ஆனால் சொல்ல வேண்டும், ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும்.

நின்றுபோவதற்கு முன் அவள் காதோரம் குனிந்து, மேளச் சத்தத்துக்கு நடுவில் அவன் சொன்னது இது: "வடிவு, நீ போட்டியே ரெண்டு பக், அத நான்..." அவ்வளவுதான் வந்தது. சரி பண்ணிட்டேனா, மூடிட்டேனா? அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வடிவு அந்த மேடையில் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். சரி பண்ணியிருந்தால் அவனை ஆயுசுக்கும் நம்பிப் போகலாம். மூடியிருந்தால், கழுத்தை நீட்டுவது யாரிடம் என்று யோசிக்க வேண்டும்.

டாக்டர் வந்து மாப்பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். மேடையை விட்டு இறங்கிவந்து, "ஒரு துடிப்பு ஆரம்பிச்சிருக்கு, இன்னும் முடியல" என்று சொல்லி, ஒரு காபி குடித்துவிட்டுப் போனார். போலீஸ்காரர் ஒருவர் வந்து, அடிதடி உண்டா, திருட்டு உண்டா, அப்போ எனக்கு வேலை இல்லை என்று போனார். அவன் விரலைப் பிரிக்க முடியவில்லை. கயிற்றை அறுக்கலாம்தான், ஆனால் தாலிக்கயிற்றில் கத்தரிக்கோல் வைக்கிற கையை யார் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்? பெண்கள் நாலைந்து பட்டுப்புடவைகளைக் கட்டி மறைப்பு விட்டு, பக்கெட்டும் சொம்பும் வைத்து, அவளுக்கு வேண்டியதையெல்லாம் அங்கேயே நடக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். இதற்கு மேல் விவரம் கேட்காதீர்கள், கேட்க உங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

மகால் மேனேஜர் சங்கரபாண்டிதான் தலையில் கை வைத்தார். அடுத்தடுத்த முகூர்த்தங்களுக்கு எல்லாம் புக்கிங் இருந்தது. முதல் பார்ட்டி வந்து பார்த்து முகம் சுளித்தது. மேடையின் ஒரு ஓரத்தில் இவர்களை இப்படியே விட்டு, பக்கத்தில் இன்னொரு மணவறை போட்டுக் கல்யாணத்தை நடத்தினார்கள். ஐயர் சொன்ன மந்திரம் ஒருத்தருக்கும் கேட்கவில்லை, ஆனால் அந்த மேடையில் சொன்னது அத்தனையும் நடக்கும் என்பது ஊருக்குத் தெரிந்திருந்ததால், இதைவிடப் பலமான கல்யாணம் எங்கே கிடைக்கும் என்று பெண் வீட்டார் மனம் குளிர்ந்துபோனார்கள். அதற்கடுத்த பத்திரிகைகளில் 'அசையாத மாப்பிள்ளை ஆவுடையப்பன் முன்னிலையில்' என்று அச்சடிக்கவே தொடங்கிவிட்டார்கள். புது ஜோடிகள் இவர்களுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஊர் சுற்றுகிற புருஷன்மாரை மனைவிகள் கையைப் பிடித்து இழுத்து வந்து, "பாரும் ஓய், தாலி கட்டப்போன இடத்த விட்டு அசையுதாரா பாரும்" என்று காட்டினார்கள். பொறாமைக்காரர்கள் மட்டும் மேடை ஏறப் பயந்தார்கள், வாய் தவறி ஏதாவது சொல்லி நடந்துவிட்டால் என்ன செய்வது?

வடிவு யார் என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது. முடிச்சு விழவில்லை, அதனால் அவள் இன்னும் பகவதி மகள்தான் என்றது ஒரு கூட்டம். கயிறு கழுத்தைத் தொட்டாச்சு, அதனால் ஆவுடை பெண்டாட்டிதான் என்றது இன்னொரு கூட்டம். குங்குமம் கொடுக்க வந்த சுமங்கலிகள் நெற்றியில் வைத்தார்கள், வகிட்டில் வைக்காமல் கையை இழுத்துக்கொண்டார்கள். செண்பகம் தினமும் காலையில் விளக்கோடு வந்து தன் இடத்தில் நிற்பாள், தன் இரண்டு முடிச்சுக்காக; நின்று பார்த்துவிட்டுச் சாயங்காலம் போவாள். அவளைப் பார்க்க வடிவுக்கு அழுகை அழுகையாக வரும். "உட்காருங்க மதினி" என்று சொல்வாள், கேட்காது, ஆனால் செண்பகம் உட்கார்ந்துவிடுவாள்.

புரட்டாசி பிறந்தது. புரட்டாசியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? மகால் காலியானது. பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கூரை உயரத்துக்கு அடுக்கி வைத்தார்கள், மின்விசிறிகளை நிறுத்தினார்கள், வாசல் வாழைமரம் காய்ந்து சரிந்தது. சந்தடி அடங்கின அந்தக் கூடத்தில், அவன் கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த வடிவுக்கு, உள்ளே அமுக்கிவைத்தது தானாக மேலே வந்தது. கேட்காத பேச்சு, நடந்துவிடுகிற பேச்சு, விட்ட இடத்தில் நிற்கிற ஆள். இது தான் எழுதிப் போட்ட பக் இல்லையா?

"ஜெபராஜ் வரணும். இவரோட லேப்டாப்பும் வரணும்" என்று அந்த மேடையில் சத்தமில்லாமல் சொன்னாள்.

ஜெபராஜ் ஆவுடையின் கீழ் வேலை பார்த்த பையன், கல்யாணத்துக்கு வந்திருந்தவன். மத்தியானப் பஸ்ஸில் தாடியும் மீசையுமாக, தான் ஏன் கிளம்பினோம் என்று தெரியாத முகத்தோடு வந்து இறங்கினான். செண்பகம் வீட்டில் மாப்பிள்ளைப் பெட்டியோடு கிடந்த லேப்டாப்பை ஏன் போய் எடுத்தான் என்றும் அவனுக்குத் தெரியவில்லை. அதைக் கொண்டுவந்து வடிவு மடியில் வைத்துத் திறந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. படியிலிருந்து இறங்கிப்போய், கீழே நின்று, தலையில் அடித்துக்கொண்டு சொன்னான்.

"வடிவக்கா, அன்னைக்கு அண்ணன் இத என்னட்ட குடுத்து, ரூம்ல ஓடிட்டு இருக்கட்டும், கண்ண எடுக்காம பாருன்னு சொல்லிட்டுத்தான் மணவறைக்கு வந்தாரு. கல்யாணத்தன்னைக்கும் ஆபீஸ் விடல. கெட்டிமேளம் கேட்டிச்சி. தாலி கட்டுறதப் பார்க்கணும்னு ஆசையா இருந்திச்சிக்கா. ஓடுறத அப்படியே விட்டுட்டு வந்தா எவனாவது எதையாவது தட்டிருவான்னு, நிறுத்தி வச்சிட்டு மூடிட்டு ஓடியாந்தேன். அவ்வளவுதான் பண்ணேன், சத்தியமா அவ்வளவுதான்."

சேதி கேட்டு அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள். இத்தனை நாள் ஆவுடையைக் கும்பிட்டவர்கள், ஒரு பையன் கெட்டிமேளம் கேட்டு ஓடிவந்ததற்காகவா என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்து அப்படியே நின்றது. லாரிகள் ஆவணி மாதத்தில் நின்ற ஊர்களிலேயே நின்றன. வடிவு விசைகளைத் தட்டினாள். தட்டுவது திரையில் தெரியவில்லை. தெரியாது என்று அவளுக்குத் தெரியும், அவள் கண்டுபிடித்ததுதானே. திரையைச் சரிப்படுத்தும் கட்டளையைக் கண்ணால் பார்க்காமலே எழுத்து எழுத்தாக அடித்து முடித்தாள்.

மேடைக்குச் சத்தம் திரும்பி வந்தது. முதலில் கேட்டது அழுகை. மேடை ஓரத்தில் தூணில் சாய்ந்து அம்மா பகவதி அழுதுகொண்டிருந்தாள். கல்யாணத்தன்றிலிருந்து அழுதுகொண்டிருக்கிறாள், யார் காதிலும் விழவில்லை. தன் முதுகுக்குப் பின்னால் இத்தனை நாளும் ஒரு அழுகை நடந்திருக்கிறது என்று தெரிந்தபோது வடிவுக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. "அம்மா, அழாதம்மா" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"இப்ப என்ன செய்யணும்? சீக்கிரம் எழுப்பு" என்று ஜெபராஜை உலுக்கினாள் செண்பகம்.

"ரெண்டே வழிதான். ஓடவிடலாம். இல்ல, கில் பண்ணலாம்."

பளாரென்று ஒரு அறை விழுந்தது. செண்பகம் மூச்சு வாங்கினாள். "நாசமாப் போறவனே, எந்தம்பியவா கொல்லச் சொல்லுத?" பிறகு அவளுக்கே இன்னொன்று ஞாபகம் வந்து வாயில் கை வைத்தாள். "அய்யோ, இது புரட்டாசியாச்சே. இப்ப எழுப்பினா இப்பவே முடிச்சப் போட்டுருவான். புரட்டாசியில தாலி ஏறலாமா? ஐப்பசி வரைக்கும் பொறுத்திரு வடிவு. இத்தன நாள் இருந்தாச்சி, இன்னும் கொஞ்ச நாள்தான்."

வடிவு ஜெபராஜ் பக்கம் திரும்பினாள். "ஜெபா, எழுந்ததும் ஒரு தடவ சுத்திப் பார்க்கிற மாதிரி இப்ப நான் எழுதிச் சேர்த்தா?" என்று கேட்டாள்.

"ஏறாதுக்கா. ஓட ஆரம்பிச்சதுக்கு, நீங்க வெளிய என்ன திருத்தினாலும் தெரியாது. என்ன தெரிஞ்சிட்டு ஓடிச்சோ அதோடதான் எழும்பும்." கன்னத்தைத் தடவிக்கொண்டே அவன் சேர்த்துக்கொண்டான்: "அண்ணன் கடைசியா என்ன திருத்தி வச்சாருன்னும் எனக்குத் தெரியாது. ஒருவேள அந்த ரெண்டாவது பக் மட்டும் சரி பண்ணியிருப்பாரோ என்னமோ."

ஒருவேளை. முதல் பக்கைச் சரி பண்ணவில்லை என்பதற்கு, யார் காதிலும் விழாத பகவதியின் அழுகையே சாட்சி. இரண்டாவது? அவன் எழுந்ததும் ஒரு கணம் நிதானித்து, காலியான கூடத்தைப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து, கயிற்றைத் தளர்த்தி, 'என்ன ஆச்சு வடிவு? கட்டட்டுமா?' என்று கேட்டுவிட்டால் போதும். அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்ல அவள் உயிர் துடித்தது. அவ்வளவு ஆசை அவன் மேல். ஆனால் கேட்காமல் கட்டிவிட்டால்? கட்டின பிறகு தெரிந்து என்ன பிரயோசனம்?

அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். முகவாயை நெஞ்சோடு சேர்த்து, உடம்பைக் குறுக்கி, கயிற்றுக்குக் கீழே தலையை மெதுவாக வழுக்கவிட்டாள். கயிறு கன்னத்தை உரசி மேலே ஏறியது, மூக்குத்தியில் ஒரு கணம் மாட்டியது, நெற்றிக் குங்குமத்தை இழுத்துக்கொண்டு உச்சந்தலை வழியாக வெளியே போனது. அவன் கைகளுக்கு அடியில் குனிந்து வெளியே வந்து எழுந்து நின்றாள்.

கூடம் முழுக்க ஒரே ஐயோ. செண்பகம் கையிலிருந்த விளக்கு கீழே விழுந்து எண்ணெய் ஓடியது. பகவதி அழுகையை நிறுத்திவிட்டாள். யாராலும் நம்ப முடியவில்லை, வடிவாலேயே நம்ப முடியவில்லை. இவ்வளவுதானா? முடிச்சு விழாத கயிறுதானே, முதல்நாளே குனிந்து வந்திருக்கலாமே! விரலைப் பிரிக்கப் பார்த்தார்கள், டாக்டரைக் கூப்பிட்டார்கள், புடவை கட்டி மறைத்தார்கள். குனிந்து வா என்று சொல்ல ஒருத்தர் வாய்க்கும் வரவில்லை, குனிந்து வரலாம் என்று அவள் புத்திக்கும் எட்டவில்லை. கால் மரத்துப்போய் அவள் தள்ளாடினாள். ஜெபராஜ் தாங்கிப் பிடித்தான்.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணுத? உள்ள போய் உக்காரு. அபசகுனம்டி" என்று அலறினாள் செண்பகம்.

"அவர் பார்க்கட்டும் மதினி. பார்த்துட்டுக் கேட்டா, நானே போய் உக்காருதேன்" என்றாள் வடிவு. லேப்டாப்பைத் தரையில் வைத்து, முன்னால் மண்டியிட்டு, எஃப்பையும் ஜியையும் அடித்தாள். கடைசி விசையைத் தட்டினாள்.

வியர்வைத் துளி விழுந்தது.

ஆவுடையப்பன் அசைந்தான். அவன் விரல்கள் காற்றில் கயிற்றை இறுக்கி, ஒரு குழந்தைக்குக்கூடக் கழுத்து நுழையாத அளவுக்குச் சுருக்கி, அழகாக ஒரு முடிச்சைப் போட்டன. யாரும் இல்லாத அந்த இடத்தைப் பார்த்து, கண் நிறைய அன்போடு, அவள் காது இருந்த இடத்தில் குனிந்து, விட்ட வாக்கியத்தை முடித்தான்.

"...மூடிட்டேன். இனியாச்சும் அதத் தொறக்காத, என்ன?"

சிரித்தான். "அக்கா, உன் முடிச்சப் போடு" என்று பின்னால் பார்க்காமலே கயிற்றை நீட்டினான். செண்பகத்தின் கை பழக்கத்தில் முன்னால் வந்தது, பாதியில் நின்றது, வாயைப் பொத்திக்கொண்டது. முடிச்சு விழுந்தது என்றே வைத்துக்கொண்டு அவன் குங்குமத்தைத் தொட்டு, காற்றில் ஒரு வகிடு பார்த்து வைத்தான். வீடியோக்காரர் நின்ற இடத்தில் அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளைப் பார்த்து, போட்டோவுக்கு நிற்கிற சிரிப்பைச் சிரித்தான். கும்பிட்டான். கூட்டமே இல்லாத கூடத்தின் ஆசீர்வாதத்தை ஒவ்வொரு பக்கமாகத் திரும்பி வாங்கிக்கொண்டான். பகவதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வடிவு அழுதாள். சத்தம் போட்டே அழுதாள், எல்லாருக்கும் கேட்டது, அவனுக்கு மட்டும் கேட்கவில்லை. இப்படியே விட்டால் அவன் பந்திக்குப் போய் உட்காருவான், இல்லாத மனைவிக்கு ஊட்டிவிடுவான், இல்லாத குடித்தனத்தைச் சந்தோஷமாக நடத்துவான். விட்டுவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவன் அவளுக்கென்று வைத்துக்கொடுத்த விசை ஒன்று இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசித் தடவையாக, அந்த ஆர் விசையை அழுத்தினாள்.

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தான். அடுக்கின நாற்காலிகளைப் பார்த்தான், நின்றுபோன மின்விசிறிகளைப் பார்த்தான், ஜெபராஜின் தாடியைப் பார்த்தான், தரையில் ஓடின எண்ணெயைப் பார்த்தான், அக்காவின் முகத்தைப் பார்த்தான். கையிலிருந்த முடிச்சையும் அதற்குள் ஒன்றும் இல்லாததையும் பார்த்தான். கடைசியாகத்தான், மணவறைக்கு வெளியே, வேறு புடவையில், கால் மரத்து நின்றுகொண்டிருந்த வடிவைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்தது.

"வடிவு" என்றான். "கல்யாணம் முடிஞ்சிருச்சா?"

நிச்சயமான நாளிலிருந்து அம்மா சொன்னபடி அவனை நீங்க, வாங்க என்றுதான் கூப்பிட்டு வந்தாள். இப்போது பழையபடி ஆபீஸில் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டாள்.

"உனக்கு முடிஞ்சிருச்சு ஆவுடை" என்றாள்.